சமையலறைச் சுவரில் இருக்கும் அந்தச் சின்ன பியூஸ் யாருக்குக் காவல்?

லண்டனில் மாமா வீட்டுச் சமையலறையில் ஒருநாள் குக்கர் ஹூட் நின்றுவிட்டது. ஊரில் சிம்னி என்று சொல்கிறோமே, அடுப்புப் புகையை உறிஞ்சும் விசிறி, அதுதான். பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் சுவிட்ச்சுக்கு அருகே சின்னதாக ஒரு மூடி. நெம்பினால் உள்ளிருந்து விரல்நுனி நீளத்தில் ஒரு பியூஸ் வெளியே வருகிறது. மேசை டிராயரில் 3 ஆம்பியர் பியூஸும் இருந்தது, 13 ஆம்பியர் பியூஸும் இருந்தது. நான் 3-ஐ எடுத்தேன். மாமா கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, பதின்மூண்டையே போடும். அதுதான் பலம். மெஷினுக்கும் பாதுகாப்பு."

மாமா மட்டுமல்ல, நமக்குத் தெரிந்த பாதிப்பேர் இப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பேச்சில் தப்பு இரண்டு. பெரிய எண் என்றால் பலம் அதிகம் என்பது ஒன்று. பியூஸ் மெஷினைக் காக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் எங்கே பிசகுகின்றன என்று பார்க்க, முதலில் பிரிட்டிஷ் வீடுகளில் கம்பி எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

மாட வீதியும் சந்தும்

கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதி இருக்கும். தேர் நிலையிலிருந்து புறப்பட்டு, நான்கு வீதியும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். வீதியில் எந்த வீட்டுக்கும் இரண்டு பக்கமாகவும் போகலாம். ஒரு பக்கம் கூட்டம் என்றால் மறுபக்கம் பாதி பேர் போவார்கள்.

பிரிட்டிஷ் வீடுகளில் சாக்கெட்டுகளுக்கு மின்சாரம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. மெயின் பெட்டியில் இருக்கும் 32 ஆம்பியர் பிரேக்கரிலிருந்து ஒரு கேபிள் கிளம்பும். சாக்கெட் சாக்கெட்டாகத் தொட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி, அதே பிரேக்கருக்குத் திரும்பி வரும். இதற்கு 'ரிங்' என்று பெயர். பிரேக்கர் என்பது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழுந்துவிடும் சுவிட்ச். ஆம்பியர் என்பது வயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதன் அளவு. ரிங்கில் வழக்கமாகப் போடும் கேபிள் 2.5 சதுர மி.மீ. தடிப்பு. சுவரோடு ஒட்டிப் போட்டால் ஒரு கேபிள் 27 ஆம்பியர் தாங்கும். இரண்டு பக்கமாகவும் பங்கு பிரிவதால்தான் 32 ஆம்பியர் பிரேக்கர் வைத்தும் கேபிள் சூடாவதில்லை.

இது இரண்டாம் உலகப் போர்க் காலத்து யோசனை. போர் முடிந்ததும் நிறைய வீடு கட்ட வேண்டும், செம்போ தட்டுப்பாடு. குறைந்த கம்பியில் நிறைய சாக்கெட் கொடுக்க வழி தேடினார்கள். 1944-இல் வந்த அறிக்கை ரிங்கைப் பரிந்துரைத்தது. சதுரப் பின் வைத்த, உள்ளே பியூஸ் உள்ள பிளக்குக்கான தரம், பி.எஸ். 1363, 1947-இல் வந்தது. இரண்டும் சோடி. ரிங் வந்ததால்தான் பிளக்குக்குள் பியூஸ் வந்தது.

ஏன்? மாட வீதியிலிருந்து சின்னச் சின்னச் சந்துகள் பிரியும். சந்துக்குள் சைக்கிள் போகலாம், ஆட்டோ போகலாம், தேர் போகக் கூடாது. தேர் நுழைந்தால் இரண்டு பக்கச் சுவரும் போச்சு. அதனால் சந்தின் வாயில் ஒரு கல்லை நட்டு வைப்பார்கள். டேபிள் ஃபேனின் மெல்லிய வயர் ஒரு சந்து. அது தாங்குவது 6 ஆம்பியர்தான் என்று வையுங்கள். வயர் நசுங்கி, உள்ளே அரைகுறையாக ஒட்டிக்கொண்டு, 20 ஆம்பியர் ஓடுகிறது. மெயின் பெட்டியில் இருக்கும் பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது. அது 32-க்குக் காத்துக்கொண்டிருக்கும். அதற்குள் வயர் உருகி, திரைச்சீலை பிடித்துவிடும். சந்தின் வாயிலேயே ஒரு கல் வேண்டும். அதுதான் பிளக்கில் இருக்கும் பியூஸ்.

நம் ஊர் உருண்டைப் பின் பிளக்கில் பெரும்பாலும் பியூஸ் இருக்காது. அங்கே வயரிங் வேறு மாதிரி, ரிங் வழக்கமில்லை. பிரேக்கரிலிருந்து தனித்தனிக் கிளையாகக் கம்பி போகும், அந்தக் கிளைக்கு ஏற்றபடி சின்ன பிரேக்கர் வைப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நாம் இங்கே வந்ததும், பிளக்குக்குள் இருக்கும் பியூஸை ஏதோ உதிரி அலங்காரம் என்று நினைத்துவிடுகிறோம்.

இதுவரை: ரிங் என்பது பெரிய வீதி, 32 ஆம்பியர் வரை போகும். அதிலிருந்து பிரியும் ஒவ்வொரு வயரும் சந்து. சந்தின் வாயில் நிற்கும் கல் பியூஸ். கல்லின் அளவை முடிவு செய்வது சந்தின் அகலம். உள்ளே குடியிருப்பவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது அப்புறம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

பியூஸ் ஒரு பீங்கான் குழாய். இரண்டு முனையிலும் உலோக மூடி, நடுவே ஒரு மெல்லிய கம்பி, சுற்றிலும் மணல். மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் சூடாகும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சுவருக்குள் போகும் வயர் தடிப்பானது, சூட்டைத் தாங்கும். பியூஸ் கம்பி வேண்டுமென்றே மெல்லியது. வயர் கெடுவதற்கு முன்னால் இது உருகிவிடும். உருகும்போது தீப்பொறி தாவாமல் மணல் அணைத்துவிடும்.

13 ஆம்பியர் பியூஸ் 13.1 ஆனதும் பட்டென்று போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. 20 ஆம்பியர் ஓடினாலும் நெடுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும். நேரான ஷார்ட் ஆகி நூற்றுக்கணக்கில் பாய்ந்தால்தான் கண் இமைக்கும் நேரத்தில் போகும். பியூஸ் சூட்டை வைத்து வேலை செய்கிறது. சூடு ஏற நேரம் எடுக்கும். அவ்வளவுதான்.

சரி, மெஷின் என்ன ஆகும்? பியூஸ் போகிற அளவுக்கு மின்சாரம் பாய்கிறது என்றால் மெஷினுக்குள் ஏதோ ஏற்கனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம். பியூஸ் அதைத் திருப்பிக் கொண்டுவராது. கெட்ட மெஷின் வயரையும் சுவரையும் சேர்த்து எரித்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆளைக் காப்பாற்றுமா? அதுவும் இல்லை. ஷாக்கிலிருந்து காக்க இருப்பது ஆர்.சி.டி. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருந்து, வித்தியாசம் 0.03 ஆம்பியர் அளவுக்கு வந்தால் வெட்டிவிடும் கருவி. 0.03 எங்கே, 13 எங்கே. உங்கள் உடம்பு வழியாக ஒரு ஆம்பியர் போனாலும் 13 ஆம்பியர் பியூஸ் அசையாது. ஆகவே "பியூஸ் இருக்கு, பயமில்லை" என்று ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள்.

மூன்றா, பதின்மூன்றா

கணக்கு எளிது. சாதனத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எழுதியிருக்கும். வாட் என்பது அது எவ்வளவு வேகத்தில் மின்சாரத்தைத் தின்கிறது என்பது. பிரிட்டனில் 230 வோல்ட். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும்.

மாமா வீட்டு ஹூட் 200 வாட். ஒரு ஆம்பியர்கூட வரவில்லை. அதன் வயர் 0.75 சதுர மி.மீ., தாங்குவது 6 ஆம்பியர். அதற்கு 3 தாராளம். சிவப்பு நிறத்தில் இருப்பது 3, பழுப்பு நிறத்தில் இருப்பது 13. பாத்திரம் கழுவும் மெஷின் 2,000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், அதற்கு 13. கெட்டில் 3,000 வாட் என்றால் 13-ஐத் தொட்டுவிடும். 13 ஆம்பியர் பிளக்கின் எல்லை அதுதான். எழுநூறு வாட் வரை 3, அதற்கு மேல் 13 என்பது பொதுவான கணக்கு. ஆனால் மெஷினோடு வந்த தாளில் வேறு எண் எழுதியிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். மோட்டார் உள்ளவை கிளம்பும் நொடியில் கூடுதலாக இழுக்கும், கம்பெனிக்காரர் அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

7,000 வாட் மின் அடுப்பு? 30 ஆம்பியர். இதைச் சந்துக்குள் விடவே கூடாது. மெயின் பெட்டியிலிருந்து அதற்கென்றே தனிக் கேபிள், தனி பிரேக்கர், சுவரில் பெரிய சிவப்பு சுவிட்ச். பியூஸ் பெட்டி பேச்சுக்கே இடமில்லை.

பியூஸ்டு ஸ்பர்: பிளக் இல்லாத பிளக்

சமையலறையில் சில சாதனங்களைப் பிளக்கில் செருகி வைப்பது சரிப்படாது. ஹூட் ஒரு இடத்தில் நிலையாக இருப்பது. பாய்லரும் அப்படித்தான். சில சாதனங்கள் மேடைக்கு அடியில் ஒளிந்திருக்கும், சாக்கெட்டை எட்டவே முடியாது. இவற்றுக்குத்தான் சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி. எலக்ட்ரீஷியன்கள் 'பியூஸ்டு ஸ்பர்' என்பார்கள். ஸ்பர் என்றால் ரிங்கிலிருந்து பிரியும் கிளை, நம் சந்து. பிளக்குக்குள் இருந்த பியூஸை எடுத்து, சுவரிலேயே சுவிட்ச்சோடு சேர்த்து வைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டால் போதும்.

பெட்டியின் பின்புறம் இரண்டு வாசல். ஒன்றில் 'சப்ளை' என்றும் மற்றதில் 'லோடு' என்றும் எழுதியிருக்கும். ரிங்கிலிருந்து வரும் கேபிள் சப்ளைக்கு, சாதனத்துக்குப் போகும் வயர் லோடுக்கு. பழுப்பு நிற வயர் லைவ், அதாவது மின்சாரம் வரும் வழி. நீலம் நியூட்ரல், திரும்பும் வழி. பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது எர்த், எங்காவது கசிந்தால் மின்சாரத்தைப் பத்திரமாக இறக்கிவிடும் வழி. பழைய வீடுகளில் லைவ் சிவப்பாகவும் நியூட்ரல் கறுப்பாகவும் இருக்கும். நிறம் மாறியது 2004-இல்தான். இன்றைக்கும் ஒரே சுவரில் இரண்டு காலத்து வயரும் கிடக்கும்.

சப்ளையையும் லோடையும் மாற்றி மாட்டினாலும் ஹூட் ஓடும். அதுதான் ஆபத்து. சரியாக மாட்டினால் மின்சாரம் முதலில் சுவிட்ச்சுக்கும் பிறகு பியூஸுக்கும் போகிறது. மாற்றி மாட்டினால் முதலில் பியூஸ், பிறகு சுவிட்ச். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பியூஸை மாற்றப் போகிறவருக்கு அங்கே உயிரோடு இருக்கும் கம்பி காத்திருக்கும். 'வேலை செய்கிறது' என்பதும் 'சரியாக இருக்கிறது' என்பதும் மின்சாரத்தில் வேறு வேறு.

ரிங்கிலிருந்து பெட்டி வரை வரும் கிளைக் கேபிளுக்கு முன்னால் 32 ஆம்பியர் பிரேக்கர்தானே இருக்கிறது, அது 27 தாங்கும் கேபிள் ஆச்சே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சந்தின் கடைசியில் ஒரே ஒரு வாசல், அதில் 13 ஆம்பியர் கல். 27-ஐத் தாண்டும் சுமை அந்தக் கேபிளில் நெடுநேரம் ஓட வழியே இல்லை. அதனால்தான் விதி அனுமதிக்கிறது.

இதுவரை: பியூஸ்டு ஸ்பர் என்பது சுவரில் பதித்த பிளக். சாதனத்தின் வயருக்கு ஏற்ற எண்ணில் பியூஸ், வாசல் மாறாமல் வயர்.

அட்டைச் சுவரில் என்ன மாறுகிறது

நம் ஊர் வீட்டுச் சுவர் செங்கல். கொத்தி, இரும்புப் பெட்டியைப் பதித்து, சிமென்ட் பூசிவிடலாம். பிரிட்டனின் உள்சுவர்களில் பலவும் பிளாஸ்டர்போர்டு. ஃபால்ஸ் சீலிங் போடும் ஜிப்சம் போர்டுதான். இரண்டு காகிதத்துக்கு நடுவே சுண்ணாம்பு மாதிரி ஒரு மாவு, மொத்தத் தடிப்பு பெரும்பாலும் 12.5 மி.மீ. அதற்குப் பின்னால் 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் மரச் சட்டமோ தகரச் சட்டமோ நிற்கும். சட்டங்களுக்கு நடுவே காற்று, அல்லது கண்ணாடிப் பஞ்சு. தட்டினால் முரசு மாதிரி ஒலிக்கும்.

முதல் சிக்கல், பெட்டியை எதில் பிடிப்பது? இதற்கென்றே பிளாஸ்டிக்கில் 'டிரை லைனிங்' பெட்டி இருக்கிறது. போர்டில் சதுரமாக ஓட்டை வெட்டி உள்ளே விட்டால், முன்னால் ஒரு விளிம்பு போர்டின் முகத்தில் உட்காரும், பின்னால் இரண்டு காது விரிந்து போர்டைப் பின்பக்கமிருந்து கவ்வும். வேட்டியை இடுப்பில் மடித்துச் செருகுவதுபோல, இரண்டு பக்கமும் இறுகினால்தான் நிற்கும். ஓட்டையை ஐந்து மி.மீ. பெரிதாக வெட்டிவிட்டால் காது பிடிக்க இடமில்லை, பெட்டி ஆடும். ஆட ஆட உள்ளே திருகுகள் தளரும். தளர்ந்த திருகில் மின்சாரம் சரியாகக் கடக்க முடியாமல் அந்த ஒரு புள்ளி மட்டும் சுடும். பெட்டியின் முகம் பழுப்பேறிப் போயிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். காரணம் பெரும்பாலும் தளர்ந்த திருகுதான். மணிக்கணக்கில் முழுச்சுமையில் ஓடும் டம்பிள் டிரையர் (துணி உலர்த்தும் மெஷின்) பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். பியூஸுக்கு இது தெரியாது. ஓடுவது 10 ஆம்பியர்தானே, அது ஏன் உருக வேண்டும்?

இன்னொரு வகைச் சுவர் ஆளை ஏமாற்றும். கான்கிரீட் கல் சுவரில் பசையைச் சாணி உருண்டைபோல் அங்கங்கே அப்பி, அதன் மேல் போர்டை ஒட்டியிருப்பார்கள். தட்டினால் இதுவும் வெற்றுச் சுவர் மாதிரிதான் ஒலிக்கும். வெட்டிப் பார்த்தால் இரண்டு விரல் ஆழத்துக்குள் கல் நிற்கும். 35 மி.மீ. பெட்டி உள்ளே போகாது. கல்லைக் கொத்த வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பஞ்சு. குளிரைத் தடுக்கச் சுவருக்குள் திணித்த பஞ்சு கேபிளுக்குக் கம்பளி போர்த்தியதுபோல. சுவரோடு ஒட்டித் திறந்த காற்றில் 27 ஆம்பியர் தாங்கிய அதே கேபிள், பஞ்சுச் சுவருக்குள் போர்டின் உட்புறத்தைத் தொட்டபடி போனால் 21 ஆம்பியர்தான் தாங்கும். போர்டைத் தொடாமல் பஞ்சின் நடுவே மூழ்கிக் கிடந்தால் 13.5. கேபிள் அதேதான், சூடு வெளியேறும் வழிதான் அடைபட்டது. ரிங்கில் போடும் கேபிள் குறைந்தது 20 தாங்க வேண்டும் என்பது விதி. ஆக, பஞ்சுக்குள் எப்படியோ தள்ளிவிட்ட கேபிள் பார்வைக்கு நன்றாக இருக்கும், கணக்கில் தோற்றுவிடும். கேபிளைப் போர்டோடு ஒட்டிக் கொண்டுபோவது எதற்கு என்று கேட்டால் பல எலக்ட்ரீஷியன்கள் பழக்கம் என்பார்கள். காரணம் இந்த மூன்று எண்கள்.

மூன்றாவது, ஆணி. போர்டுக்குப் பின்னால் கேபிள் எங்கே போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் ஒரு பொது ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். 50 மி.மீ. ஆழத்துக்குள் போகும் கேபிள், பெட்டிக்கு நேர் மேலே, நேர் கீழே, அல்லது நேர் பக்கவாட்டில்தான் போக வேண்டும். இல்லையென்றால் கூரையோரத்திலும் சுவர் மூலையிலும் 150 மி.மீ. பட்டைக்குள். குறுக்கே போகக் கூடாது. வீடு வாங்கியவர் சாமி படத்துக்குப் பலகை அடிக்கும்போது, பெட்டி இருக்கும் நேர்கோட்டைத் தவிர்த்தால் போதும். கம்பியைச் சிக்கனம் பண்ணுகிறேன் என்று ஒருவர் மூலைவிட்டமாக இழுத்துவிட்டுப் போனால், பத்து வருஷம் கழித்து வேறொருவர் திருகில் அது மாட்டும். மெல்லிய சுவராக இருந்தால் பின்பக்க அறையில் இருப்பவருக்கும் இதே ஆபத்து. அவர் பக்கத்தில் பெட்டியே தெரியாது. உள்ளே தகரச் சட்டம் என்றால் ஆழம் எவ்வளவாக இருந்தாலும் 0.03 ஆம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு வேண்டும், அல்லது உலோகக் கவசம் உள்ள கேபிள். ஆணி கேபிளைத் துளைத்துச் சட்டத்தையும் தொட்டால் சுவர் முழுக்க மின்சாரம் ஏறுமே.

இதுவரை: அட்டைச் சுவரில் பெட்டி கவ்விக்கொள்ள வேண்டும், கேபிள் மூச்சுவிட வேண்டும், போகும் பாதையை மற்றவர் ஊகிக்கும்படி இருக்க வேண்டும்.

யார் செய்யலாம்

இங்கிலாந்தில் 2013 ஏப்ரல் முதல், இருக்கும் ரிங்கில் சமையலறைக்கு ஒரு ஸ்பர் சேர்ப்பதைக் கவுன்சிலுக்கு அறிவிக்கத் தேவையில்லை. மெயின் பெட்டியிலிருந்து புதிய கேபிள் என்றால் அறிவிக்க வேண்டும், அல்லது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். வேல்ஸில் சமையலறை வேலைக்குப் பழைய கட்டுப்பாடு நீடிக்கிறது. அறிவிக்க வேண்டாம் என்பதால் தரம் குறைவாகச் செய்யலாம் என்று ஆகாது, வயரிங் விதி பி.எஸ். 7671 எல்லோருக்கும் ஒன்றுதான். என் அபிப்பிராயம்: பியூஸை மாற்றுவது, ஓட்டை வெட்டுமிடத்தைத் தேர்ந்தெடுப்பது வரை நீங்கள், கம்பியைத் தொடும் வேலை எலக்ட்ரீஷியனுக்கு. அவர் பிரேக்கரை இறக்கிப் பூட்டுகிறாரா, டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, திரும்பவும் முதல் இடத்தில் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். மூன்று முறையும் பார்ப்பவர் வேலை தெரிந்தவர்.

சுவிட்ச் வேண்டுமா, வேண்டாமா

மேடைக்கு அடியில் இருக்கும் மெஷின்களுக்கு, மேடைக்கு மேலே சுவிட்ச் வைத்த பியூஸ் பெட்டியும், அடியில் மெஷினுக்குப் பின்னால் சுவிட்ச் இல்லாத ஒரு சாக்கெட்டும் வைப்பது வழக்கம். வாஷிங் மெஷின் புகைந்தால் மெஷினை இழுக்காமல் மேலிருந்தே அணைக்கலாம். இதில் பெட்டியில் ஒரு பியூஸ், பிளக்கில் ஒரு பியூஸ் என்று இரண்டு வந்துவிடும். மெஷின் நின்றால் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மெஷினைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு.

பியூஸ்டு ஸ்பர் சுவிட்ச் இல்லாமலும் கிடைக்கும். அது யாருக்கு என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. மாமா வீட்டு மேடைக்கு மேலே ஒரே மாதிரி நான்கு சுவிட்ச் வரிசையாக இருக்கும், எதிலும் பெயர் கிடையாது. ஒரு தைப்பொங்கலுக்கு வந்த விருந்தாளி, படுக்கப் போகும்முன் பொறுப்பாக நான்கையும் அணைத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் ஃப்ரீசரைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மாமி அன்றைக்கே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, ஃப்ரீசருக்கு சுவிட்ச் இல்லாத பெட்டி வாங்கி மாட்டச் சொன்னார். மற்ற மூன்றுக்கும் மேலே இப்போது தமிழில் சீட்டு ஒட்டியிருக்கிறது.